சோர்ந்த இருதயத்துக்குச் சவுக்கடியா வைத்தியம்?

(மில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்று நாம் ஒரு மாத்திரையைப் பற்றிப் பேசப் போகிறோம். கூலி உயர்வு, பஞ்சப்படி, போனஸ், நிலம் என்று பேசவேண்டிய இடத்தில் மாத்திரைக்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் கேட்கலாம். அதுவும் இந்த மாத்திரை பெரும்பாலும் அமெரிக்காவிலும் கனடாவிலும் விற்பனையாகிறது. நம் ஊர் மருந்துக் கடையில் அதைப் பார்த்தவர் சொற்பம். பிறகு நமக்கு எதற்கு இந்தக் கவலை?

இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, இருதயம் எந்த நாட்டு மனிதனுக்கும் ஒன்றுதான். கனடாவில் ஒரு கிழவரின் இருதயம் எதனால் தடுமாறுமோ, அதனால்தான் கோயமுத்தூரிலும் தஞ்சாவூரிலும் தடுமாறும். இரண்டாவது, இந்த மாத்திரையின் கதை சோர்வின் கதை. உழைத்துச் சோர்ந்த உடம்புக்கு ஓய்வு கொடுப்பதா, சவுக்கடி கொடுப்பதா என்ற கேள்வி அதில் அடங்கியிருக்கிறது. இந்தக் கேள்வியை நம்மைவிட நன்றாக அறிந்தவர் யார்?

இது என்ன மாத்திரை?

இவற்றை ஊக்க மாத்திரைகள் என்று சொல்லலாம். இரண்டு வகை முக்கியமானவை. ஒன்று ஆம்ஃபெட்டமின். இன்னொன்று மெத்தில்ஃபெனிடேட், ரிட்டாலின் என்ற பெயரில் அது பிரசித்தமாயிற்று.

ஆம்ஃபெட்டமினை 1887ம் ஆண்டில் ருமேனிய ரசாயன நிபுணர் லசார் எடெலியானு பெர்லினில் தயாரித்தார். அதற்கு என்ன உபயோகம் என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை. 1930களில் ஓர் அமெரிக்கக் கம்பெனி அதை பென்செட்ரின் என்ற பெயரில், முதலில் மூக்கடைப்புக்கு உறிஞ்சும் மருந்தாகவும், பிறகு மாத்திரையாகவும் சந்தைக்குக் கொண்டுவந்தது. சாப்பிட்டால் தூக்கம் வராது, பசிக்காது, களைப்பு தெரியாது.

களைப்பு தெரியாத மனிதன் யாருக்கு வேண்டும்? யுத்த வெறியர்களுக்கும் முதலாளிகளுக்கும் வேண்டும். 1938ம் ஆண்டில் ஹிட்லரின் ஜெர்மனியில் இதே இனத்தைச் சேர்ந்த பெர்விட்டின் என்ற மாத்திரை விற்பனைக்கு வந்தது. 1940 ஏப்ரல் முதல் ஜூலை வரை மட்டும் ஜெர்மன் படைகளுக்கு மூன்றரைக் கோடி ஊக்க மாத்திரைகள் அனுப்பப்பட்டன. இரவு பகல் தூங்காமல் டாங்கி ஓட்டி, பிரான்சின்மீது பாய்வதற்கு!

ஜப்பானில் 1941ம் ஆண்டில் இதே சரக்கு ஃபிலோப்பான் என்ற பெயரில் வந்தது. இந்தப் பெயரைக் கவனியுங்கள். உழைப்பை நேசிப்பவன் என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து அதை எடுத்தார்கள். சிப்பாய்களுக்கும் யுத்தத் தளவாடத் தொழிற்சாலைகளின் தொழிலாளர்களுக்கும் அதைக் கொடுத்தார்கள். யுத்தம் முடிந்ததும் ராணுவக் கிடங்குகளில் இருந்த சரக்கு கடைத்தெருவுக்கு வந்தது. ஏராளமான ஜனங்கள் அதற்கு அடிமையானார்கள். 1951ம் ஆண்டில் அதைக் கட்டுப்படுத்தத் தனிச் சட்டமே போடவேண்டியதாயிற்று. மாத்திரை விழுங்கினால்தான் உழைப்பின்மீது நேசம் வரும் என்றால் அந்த உழைப்பு எப்படிப்பட்டது என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்!

மெத்தில்ஃபெனிடேட்டை 1944ம் ஆண்டில் ஸ்விட்சர்லாந்தின் சிபா கம்பெனியில் தயாரித்தார்கள். 1950களில் அது சந்தைக்கு வந்தது.

மருந்தைக் குறை சொல்வதற்காக இந்த வரலாற்றைச் சொல்லவில்லை. நியாயமான உபயோகமும் இந்த மாத்திரைகளுக்கு உண்டு. கவனம் ஒரிடத்தில் நிற்காமல் சிதறுகிற வியாதி உள்ள குழந்தைகளுக்கு இவை பலன் தருகின்றன. பட்டப்பகலில் தன்னையறியாமல் தூங்கி விழுகிற வியாதிக்கும் பயன்படுகின்றன. பெரியவர்களிலும் கவனச் சிதறல் வியாதி உள்ளவர்கள் இருக்கிறார்கள். 2004ம் ஆண்டில் அட்டரால் எக்ஸ்.ஆர். என்ற ஆம்ஃபெட்டமின் மருந்தை அவர்களுக்கும் விற்க அமெரிக்க சர்க்கார் அனுமதித்தது. வயோதிகத்தில் மனச்சோர்வு, ஞாபக மறதி நோயோடு வரும் உற்சாகமின்மை ஆகியவற்றுக்கும் சில டாக்டர்கள் இவற்றை எழுதிக் கொடுக்கிறார்கள். இவ்விதமாக இந்த மாத்திரை குழந்தைகளிடமிருந்து வயோதிகர்களிடம் வந்து சேர்ந்தது.

இருதயத்துக்கு என்ன ஆகிறது?

வயலில் வரப்போரம் பாம்பைக் கண்டால் உங்களுக்கு என்ன ஆகிறது? நெஞ்சு படபடக்கிறது. உடம்பு முறுக்கேறுகிறது. தூக்கமும் பசியும் பறந்துவிடுகின்றன. உடம்புக்குள் நார்அட்ரினலின் முதலான ரசங்கள் சுரப்பதுதான் காரணம். இருதயம் வேகமாக அடிக்கிறது. ரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. ரத்த அழுத்தம் ஏறுகிறது. பாம்பு போனதும் எல்லாம் அடங்கிவிடும்.

ஊக்க மாத்திரை செய்வதும் ஏறக்குறைய இதுதான். பாம்பு இல்லாமலே அந்த முறுக்கை உடம்பில் உண்டாக்குகிறது. அதுவும் ஒரு நிமிஷம் அல்ல. பல மணி நேரம். நாளெல்லாம் வேலை செய்யும்படி தயாரித்த மாத்திரைகளும் உண்டு. சராசரியாகப் பார்த்தால் நாடித் துடிப்பு நிமிஷத்துக்குச் சுமார் 5 கூடுகிறது. ரத்த அழுத்தமும் சில புள்ளிகள் ஏறுகிறது. இது சராசரி. சிலருக்கு அதிகமாகவே ஏறும்.

ஐந்து துடிப்பு பெரிய விஷயமா என்று கேட்கலாம். மில் தோழர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. கதிர்களின் வேகத்தை நிர்வாகம் கொஞ்சம்தான் கூட்டுகிறது. ஷிப்டு முடியும்போது உடம்புக்குத் தெரிகிறது அந்தக் கொஞ்சத்தின் பாரம்! நிமிஷத்துக்கு 5 என்றால் ஒரு நாளைக்கு 7200 துடிப்பு அதிகம். வாலிபனின் இருதயம் இந்த அதிகப் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும். அறுபதைத் தாண்டியவரின் இருதயம்?

வயதாக ஆகப் பெரிய ரத்தக் குழாய்கள் விறைத்துப்போகின்றன. புது ரப்பர் குழாயில் பம்ப்செட் தண்ணீரை வேகமாகத் தள்ளினால் குழாய் விரிந்து கொடுக்கும். வெயிலில் காய்ந்து விறைத்த குழாய் விரிந்து கொடுக்காது. அழுத்தம் எகிறும், பலவீனமான இடத்தில் வெடிக்கும். மூளையின் ரத்தக் குழாயில் இப்படி வெடிப்போ அடைப்போ ஏற்பட்டால் அதுதான் பக்கவாதம்.

இன்னொரு விஷயமும் உண்டு. உடம்பு முழுவதற்கும் ரத்தம் அனுப்புகிற இருதயம், தனக்கு வேண்டிய ரத்தத்தை எப்போது பெறுகிறது தெரியுமா? ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையில் அது தளர்கிறதே, பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். துடிப்பு வேகமானால் இந்த இடைவேளை குறுகுகிறது. வேலை கூடுகிறது, வரவு குறைகிறது! ரத்தக் குழாய் ஏற்கெனவே பாதி அடைபட்டிருக்கும் வயோதிகருக்கு இது எவ்வளவு ஆபத்து! தோழர்களே, இருதயம்கூடத் தன் கூலியை ஓய்வு நேரத்தில்தான் பெறுகிறது. அந்த ஓய்வைப் பறித்தால் அதுவும் ஒரு நாள் தாளம் தப்பிவிடும்.

மேலும், வயதானவரின் சிறுநீரகம் மருந்தை மெதுவாகத்தான் வெளியேற்றும். ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, மூச்சிரைப்பு என்று வேறு மருந்துகளும் அவர் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். வாலிபனுக்குச் சரியான அளவு கிழவருக்கு அதிகமாகிவிடலாம்.

கனடா சொன்ன கணக்கு

இதெல்லாம் வெறும் ஊகமா? அல்ல. கனடாவில் ஒண்டாரியோ மாகாணத்து ஆராய்ச்சியாளர்கள் 2021ம் ஆண்டில் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். 2002 முதல் 2016 வரை, 66 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் புதிதாக ஊக்க மாத்திரை ஆரம்பித்த 6457 பேரை எடுத்துக்கொண்டார்கள். அவர்களைப் போன்ற வயதும் உடல்நிலையும் உள்ள, ஆனால் மாத்திரை சாப்பிடாத 24,853 பேரோடு ஒப்பிட்டார்கள்.

மாத்திரை ஆரம்பித்த முதல் 30 நாட்களில் இருதய, ரத்தக் குழாய்க் கோளாறுகளால் தாக்கப்படும் ஆபத்து 40 சதவிகிதம் அதிகமாக இருந்தது. இருதயத்தின் கீழ் அறைகள் தாளம் தவறித் துடிப்பது ஓர் ஆபத்தான நோய். திடீர் மரணத்தில் கொண்டுபோய்விடக் கூடியது. அதன் ஆபத்து மூன்று மடங்காக இருந்தது. பக்கவாதமும், வந்து சீக்கிரம் மறையும் சிறு பக்கவாதமும் சேர்ந்து 1.6 மடங்காக இருந்தன.

ஆறு மாதத்திலும் ஒரு வருஷத்திலும் கணக்குப் பார்த்தபோது இந்த வித்தியாசம் தென்படவில்லை. அப்படியானால் நாள் ஆக ஆக மருந்து சாதுவாகிவிடுகிறதா? அப்படி முடிவு கட்டிவிட முடியாது. ஒத்துக்கொள்ளாதவர்கள் ஆரம்பத்திலேயே நிறுத்தியிருப்பார்கள், தாங்கியவர்கள் தொடர்ந்திருப்பார்கள். முதல் மாதத்தில் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு கவனிக்க வேண்டும் என்பதே இந்தக் கணக்கு சொல்லும் நடைமுறைப் பாடம்.

கணக்கைப் பார்த்துப் பீதியடையவும் கூடாது. மூன்று மடங்கு என்றால் மூன்றில் ஒருவர் சாவார் என்று பொருளல்ல. ஓர் ஊரில் ஆயிரத்தில் ஒருவருக்கு வருவது ஆயிரத்தில் மூவருக்கு வந்தாலும் அது மூன்று மடங்குதான். மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறோம். அமெரிக்காவில் 25 முதல் 64 வயது வரை உள்ளவர்களில் இம்மாதிரி மருந்து சாப்பிட்ட சுமார் ஒன்றரை லட்சம் பேரை ஆராய்ந்து 2011ம் ஆண்டில் வெளியிட்ட கணக்கில், மாரடைப்போ பக்கவாதமோ திடீர் மரணமோ அதிகமாகக் காணப்படவில்லை. ஆனால் அதில் 65க்கு மேற்பட்டவர்கள் இல்லை! பிறகு ஸ்வீடனில் 64 வயது வரை உள்ளவர்களை ஆராய்ந்து 2023ம் ஆண்டில் சொன்ன முடிவு வேறு. வருஷக்கணக்காகச் சாப்பிடச் சாப்பிட ரத்தக் கொதிப்பும் ரத்தக் குழாய் வியாதியும் கூடுகின்றன; மருந்து சாப்பிடும் ஒவ்வொரு வருஷத்துக்கும் சராசரி 4 சதவிகிதம் ஆபத்து ஏறுகிறது என்றார்கள்.

இங்கே ஒரு முக்கியமான விஷயத்தைக் கவனியுங்கள். ஒண்டாரியோவில் இந்தக் கணக்கை எடுக்க முடிந்தது எப்படி? அங்கே 65 வயதானவர்களின் மருந்துச் செலவைப் பொது நிதியிலிருந்து சர்க்கார் ஏற்கிறது. யாருக்கு எந்த மருந்து எப்போது கொடுக்கப்பட்டது, யார் எதற்காக ஆஸ்பத்திரிக்கு வந்தார் என்ற பதிவு பொதுச் சொத்தாக இருக்கிறது. ஸ்வீடனிலும் நாடு முழுவதற்கும் அப்படிப் பதிவு உண்டு. பொது வைத்தியம் இருந்த இடத்தில் உண்மை வெளிவந்தது.

கம்பெனிகள் என்ன செய்தன?

அட்டராலோடு வரும் விவரச் சீட்டிலேயே, வயோதிகர்களிடம் இந்த மருந்து ஆராயப்படவில்லை என்று ஒரு வரி இருக்கிறது. ஆராயவில்லை, ஆனால் விற்பனை நடந்தது. சீட்டில் பொடி எழுத்தில் ஒரு வரி போட்டால் கடமை முடிந்ததா?

2005 பிப்ரவரியில், உலகின் பல இடங்களில் இந்த மருந்து சாப்பிட்டவர்களில் 20 திடீர் மரணங்கள் பற்றிய தகவல் வந்ததும் கனடா சர்க்கார் அட்டரால் எக்ஸ்.ஆர். விற்பனையை நிறுத்தியது. அதே வருஷம் ஆகஸ்டில் மறுபடி அனுமதித்தது. 2006ம் ஆண்டில் அமெரிக்க மருந்து இலாகாவின் ஆலோசனைக் குழு கூடி, இந்த மருந்துகளின் சீட்டில் கறுப்புக் கட்டம் போட்டு இருதய ஆபத்தை எச்சரிக்க வேண்டுமா என்று வோட்டு எடுத்தது. எட்டுப் பேர் வேண்டும் என்றார்கள். ஏழு பேர் வேண்டாம் என்றார்கள். 2007ம் ஆண்டில் நோயாளிகளுக்கு விளக்கச் சீட்டு கொடுக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று.

அட்டரால் எக்ஸ்.ஆர். மருந்தை விற்ற ஷயர் கம்பெனிமீது அமெரிக்க சர்க்கார் கொண்டுவந்த குற்றச்சாட்டு இன்னும் சுவாரசியமானது. இந்த மருந்தைச் சாப்பிட்டால் வேலை போகாது, மோட்டார் விபத்து நேராது, படிப்பு கெடாது என்றெல்லாம் ஆதாரமில்லாமல் பிரசாரம் செய்தது என்பது குற்றச்சாட்டு. 2014ம் ஆண்டில் 5 கோடியே 65 லட்சம் டாலர் கட்டி அந்த வழக்கைக் கம்பெனி முடித்துக்கொண்டது. தோழர்களே, வேலை போய்விடுமோ என்ற பயம் தொழிலாளிக்கு எங்கிருந்து வந்தது? பயத்தை உண்டாக்கியதும் முதலாளித்துவம். அந்தப் பயத்துக்கு மாத்திரை விற்றதும் முதலாளித்துவம்!

நாம் செய்யவேண்டியது என்ன?

நம் நாட்டில் ஆம்ஃபெட்டமினும் மெத்தில்ஃபெனிடேட்டும் மருந்துச் சட்ட விதிகளின் எக்ஸ் அட்டவணையில் இருக்கின்றன. டாக்டர் இரட்டைப் பிரதியில் சீட்டு எழுத வேண்டும். ஒரு பிரதியைக் கடைக்காரர் இரண்டு வருஷம் வைத்திருக்க வேண்டும். ஆகவே, சீட்டில்லாமல் யாராவது, "இது தூக்கம் வராமல் இருக்க, இது தெம்புக்கு" என்று ஒரு மாத்திரையை நீட்டினால், வாங்காதீர்கள். நைட் ஷிப்டுக்கும் வேண்டாம், லாரி ஓட்டவும் வேண்டாம்.

வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கும் உங்கள் வீட்டுப் பெரியவருக்கு டாக்டரே எழுதிக் கொடுத்திருந்தால்? பயந்து திடீரென்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல, நம் உரிமை.

ஒன்று: ஆரம்பிக்குமுன் ரத்த அழுத்தமும் நாடியும் பார்த்தார்களா? மாரடைப்பு, இருதய வீக்கம், தாளம் தவறிய துடிப்பு, பக்கவாதம் முன்பு வந்ததுண்டா என்று கேட்டார்களா? குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்ததுண்டா? சந்தேகம் இருந்தால் இ.சி.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டும். ரத்தக் குழாய் அடைப்பும் கடுமையான இருதய நோயும் உள்ளவர்களுக்கு இந்த மருந்து கூடாது என்று மருந்துச் சீட்டுகளே சொல்கின்றன.

இரண்டு: ஆரம்பித்த முதல் மாதத்தில் பல முறை அழுத்தம் பார்க்க ஏற்பாடு உண்டா? அளவைக் கூட்டும்போதெல்லாம் மறுபடி பார்க்கிறார்களா?

மூன்று: வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார்? மூக்கடைப்பு மாத்திரை, மனச்சோர்வு மாத்திரை, மூச்சிரைப்பு மருந்து எல்லாவற்றையும் எடுத்துப்போய் டாக்டர் முன் வையுங்கள். சில மருந்துகள் இதோடு சேர்ந்தால் அழுத்தம் கண்டபடி ஏறும்.

நான்கு: நெஞ்சில் பாரம், மூச்சுத் திணறல், மயக்கம், படபடப்பு, வாய் கோணுதல், ஒரு பக்கக் கை தளருதல், பேச்சுக் குழறுதல், இவற்றில் ஒன்று கண்டாலும் காத்திருக்கக் கூடாது. நம் ஊரில் 108க்குக் கூப்பிடுங்கள். விடியட்டும் என்று நினைத்துப் போன உயிர்கள் எத்தனையோ!

சோர்வு ஏன் வந்தது?

எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்தச் சோர்வு ஏன் வந்தது?

ரத்தசோகையால் சோர்வு வரும். சர்க்கரையால் வரும். தைராய்டு சுரப்பி மந்தமானால் வரும். இரவில் குறட்டையோடு மூச்சு நின்று நின்று வந்தால் பகலெல்லாம் தூக்கம் தள்ளும். இருதயம் பலவீனப்பட்டால் முதலில் தெரிவதும் பல சமயம் சோர்வுதான்! அந்தச் சோர்வை இன்னதென்று பாராமல் ஊக்க மாத்திரை கொடுத்தால் என்ன ஆகும்? நுகத்தடியில் தலை சாய்ந்த மாட்டின் காலில் முள் தைத்திருக்கிறதா என்று பாராமல் தார்க்குச்சியால் குத்துவது போலாகும். மாடு நாலடி ஓடும். பிறகு விழும்.

வியாதி ஒன்றுமில்லாமலும் சோர்வு வரும். நாற்பது வருஷம் மில்லில் பஞ்சுத் தூசியைச் சுவாசித்தவருக்கு, நாற்றங்காலிலும் களத்திலும் முதுகு ஒடிந்தவருக்கு, அறுபது வயதில் சோர்வு வராமல் என்ன வரும்? அதற்கு மருந்து ஓய்வு. ஆனால் ஓய்வெடுத்தால் அடுப்பு எரிய வேண்டுமே! 2014ம் ஆண்டில் வைப்புநிதி ஓய்வூதியத்தின் குறைந்தபட்சத் தொகையை மாதம் 1000 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். அதை வைத்துக்கொண்டு எந்தக் கிழவர் ஓய்வெடுப்பார்? ராக்காவல் வேலைக்குத்தான் போவார். இரவெல்லாம் கண் விழிப்பார். அப்படிப்பட்டவருக்கு வேண்டியது ஊக்க மாத்திரையா, கௌரவமான ஓய்வூதியமா?

எட்டு மணி நேர வேலை என்ற கோரிக்கைக்காக 1886ம் ஆண்டில் சிகாகோ தொழிலாளர்கள் ரத்தம் சிந்தினார்கள். 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டசபையில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நிறைவேறியபோது தொழிற்சங்கங்கள் ஒன்றாக எழுந்து நின்றன. சர்க்கார் அதை வாபஸ் வாங்கியது. வேலை நேரத்துக்கான அந்தப் போராட்டம் இருதயத்தைக் காக்கும் போராட்டமும்தான் என்பதை மறக்காதீர்கள்.

ஆகவே தோழர்களே, நாம் மருந்துக்கு விரோதிகள் அல்ல, விஞ்ஞானத்தின் நண்பர்கள். தேவைப்பட்டவருக்கு, சோதித்துப் பார்த்து, கண்காணித்துக் கொடுக்கும் மருந்து விஞ்ஞானம். சோர்ந்தவனை மேலும் ஓட்டுவதற்குக் கொடுக்கும் மருந்து சவுக்கு.

ஒவ்வொரு சங்கக் கிளையும் தன் பகுதியில் அறுபது வயதான தோழர்களின் ரத்த அழுத்தத்தை ஆரம்ப சுகாதார நிலையத்திலோ இ.எஸ்.ஐ. மருந்தகத்திலோ பார்க்க ஏற்பாடு செய்யட்டும். அங்கே கருவி இல்லையென்றால் கேளுங்கள். மருந்து இல்லையென்றால் கேளுங்கள். டாக்டர் இல்லையென்றால் ஊரோடு திரண்டுபோய்க் கேளுங்கள்.

உழைத்தவனுக்கு ஓய்வு வேண்டும்! முதியவருக்கு ஓய்வூதியம் வேண்டும்! மருந்தின் உண்மை மக்களுக்குத் தெரிய வேண்டும்! இந்த மூன்றுக்காகவும் ஒன்றுபட்டு நிற்போம்.